பிடுங்கி நட்ட முடி

நிந்தவூர்
09.04.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் எழுதக்கூடாது என்பதால் சொல்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. அது யாருடைய முடி?

உங்கள் அறைக்காரர் பர்ஸான் பெருநாளன்று பேஸ்புக்கில் போட்ட படத்தைத்தான் சொல்கிறேன். எல்லோரும் பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் நீங்கள், தொப்பி இல்லாமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. உங்களுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார் போல. நெற்றிக்கு மேலே கன்னங்கரேலென்று, சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளைப் பிரித்து ஒட்டி வைத்த மாதிரி ஒரு முடி. றிபாதான் முதலில் கண்டாள். "உம்மா, வாப்பாட தலையில என்ன இரிக்கி?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். உங்கள் முடி என் விரலுக்குத் தெரியும். மெல்லிசு, நேர்முடி, பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். முன்பக்கம் ஏறிப்போய் வெறுமையாகக் கிடந்ததும் தெரியும். போன ஆகஸ்டில் லீவில் வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. சுருட்டை முடி உங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

ஆகவே அது பொய்முடி. அடுத்தவருடைய முடியை ஒட்டிக்கொள்வது மார்க்கத்தில் ஆகாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? தொழுகைக்கு வுழூச் செய்து தலையைத் தடவும்போது தண்ணீர் எதில் படுகிறது? இத்தனை நாள் தொழுத தொழுகை என்னாவது? இதற்குத்தானா இவ்வளவு காலமாகக் கமராவை மூடிவைத்து, நெட்வேர்க் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று என்னை ஏமாற்றினீர்கள்?

இனி உங்கள் கோலை நான் எடுக்க மாட்டேன். போனில் கதைத்தால் எனக்கு வாய் நீளும். வட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். இந்தக் கடிதம் பக்கத்து வீட்டுத் தம்பியின் பையில், உங்களுக்குப் பிடித்த கருவாட்டோடு வருகிறது. கருவாடு உம்மா தந்தது. நான் தரவில்லை.

உம்மா என்றதும் இன்னொன்று. ஹஜ் முடிந்து மக்காவுக்கு உம்றாப் பயணம் திறந்ததும் போகவேண்டும் என்று உம்மா நிய்யத்து வைத்துவிட்டார். வாப்பா மௌத்தாகிவிட்டார். ஆண்பிள்ளை கிடையாது. பயணத்தில் கூட வரக்கூடிய மஹ்ரமான ஆண் துணை மருமகன்தான். அந்தத் தலையோடு எப்படி வரப்போகிறீர்கள் என்பதையும் யோசித்து எழுதுங்கள்.

நதீரா


டோஹா
20.04.2025

அன்புள்ள நதீராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கருவாடு தந்த மாமிக்கு என் சலாமைச் சொல்.

அது என் முடிதான். வல்லாஹி, என்னுடைய சொந்த முடி. பிடித்து இழுத்தால் வலிக்கும். உன் கடிதத்தை வாசித்துவிட்டு நானே ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

பிடரியில் அடர்த்தியாக இருக்கிறதல்லவா, அங்கிருந்து வேரோடு எடுத்து முன்பக்கத்தில் நடுவார்கள். செப்டெம்பரில் இங்கே ஒரு இடத்தில் செய்தேன். எனக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேனே, அந்தக் கிழமைதான். புண் ஆறும்வரை வுழூவுக்கு என்ன செய்வது என்று மௌலவியிடம் கேட்டுத்தான் செய்தேன். இருந்த முடியை இடம் மாற்றுவதில் பிழையில்லை என்றார்.

நட்ட முடி முதல் மாதத்திலேயே கொட்டிவிட்டது. தலையணை முழுக்க முடி. எல்லாம் வீண் என்று அழுதேன். அங்கே தாதியாக இருக்கிறவர் நல்லரெத்தினம், மட்டக்களப்புக்காரர். "வேர் உள்ளுக்க கிடக்கு. முடிதான் விழுந்திருக்கு. பயப்பிடாதங்க" என்றார். அவர் சொன்னபடியே மூன்று நான்கு மாதத்தில் முளைத்தது. முளைத்ததைப் பார்த்துத்தான் பயந்தேன். நேர்முடி எடுத்த இடத்திலிருந்து கம்பி போல, முறுகி முறுகி வருகிறது. சீப்புப் போனால் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய் வைத்தாலும் படியாது.

திரும்பவும் அவரிடம் ஓடினேன். வேரைப் பிடுங்கி நட்டதில் அதற்குக் காயம் பட்டிருக்கிறதாம். சுற்றியுள்ள தோல் ஆறி இளகும்வரை முடி நேராக வெளியே வராமல் முறுகித்தான் வருமாம். பிடரி முடி இயல்பிலேயே தடிப்பும்கூட. ஒரு வருடம், ஒன்றரை வருடம் போனால் அநேகமானவர்களுக்குப் பழையபடி படிந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் அலை நிற்கும் என்றார். நான் எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியாது.

அது படிந்த பிறகு உனக்குக் காட்டலாம் என்று இருந்தேன். கண்ணாடியில் யாரோ ஒருவன் நின்று என்னைப் பார்க்கிறான், நதீரா. அவனை உனக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

ஏன் செய்தீர்கள் என்று அடுத்து கேட்பாய். போன லீவில் றிபாவின் ஸ்கூல் விழாவுக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த டீச்சர் வாசலில் நின்று, "என்ன றிபா, மூத்தாப்பாவோட வந்திரிக்கா?" என்று கேட்டார். பாவம், என் வழுக்கையைப் பார்த்துப் பாட்டன் என்று நினைத்துவிட்டார், அவர் குற்றமில்லை. பிள்ளை திரும்பி வரும் வழியில், "வாப்பா, அடுத்த தரம் தொப்பி போட்டுட்டு வாங்க" என்றாள். அன்றிலிருந்து லீவு முடியும்வரை படுக்கும்போது மட்டும்தான் தொப்பியைக் கழற்றினேன்.

நான் வருடத்துக்கு ஒரு மாதம்தான் அவளுக்கு வாப்பா. அந்த ஒரு மாதமும் அவளுக்கு வெட்கமாக இருக்கக் கூடாது.

ஜுனைட்


நிந்தவூர்
29.05.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதக் கூடாது என்றில்லை. எந்தக் கோபத்தை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

பொய்முடி என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சல் என்று சொன்னீர்களே, அந்தக் கிழமை முழுவதும் உங்கள் சுகத்துக்காக நான் யாஸீன் ஓதினேன். அதை யார் திரும்பத் தருவது? தலையை வெட்டித் தைக்கிற நேரத்தில் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், காய்ச்சலில் போனார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த டீச்சர் கேட்டதை நீங்கள் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்போம், அல்லது சேர்ந்து அழுதிருப்போம். அதுதான் என் மனம் ஆறாததற்குக் காரணம். முடி அல்ல.

சரி. இதையும் கேளுங்கள். இந்தக் கிழமை எங்கள் சாகாமத்து வயலில் நின்றேன். சிறுபோகத்துக்கு விதைத்ததில் சில இடம் முளைக்காமல் வெளியாகக் கிடந்தது. வழக்கம்போலச் செறிந்து நின்ற மூலையில் பிடுங்கி அந்த வெளியில் ஊன்ற ஆள் விட்டேன். வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வேலை செய்த பெண்கள் எனக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று பயந்துபோனார்கள். மச்சானுடைய தலையில் நடந்ததும் இதுதானே என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

பிடுங்கி ஊன்றிய பயிர் முதலில் சோர்ந்து விழும். பிறகு எழும்பும்போது கோணல்மாணலாக, மற்றதோடு சேராமல் நிற்கும். கதிர் தள்ளும் நேரம் வந்தால் எது விதைத்தது, எது ஊன்றியது என்று எனக்கே தெரியாது. இருந்த காலத்தில் வாப்பாவுக்கும் தெரிந்ததில்லை. இவ்வளவுதான் நான் சொல்வேன். இதை ஆறுதல் என்று நினைத்துச் சந்தோசப்பட வேண்டாம்.

உம்மாவிடம் உங்கள் விசயத்தைச் சொன்னேன். "அப்ப உம்றா முடிச்சிட்டுத் தலய மழிக்கணுமே, மருமகன் என்ன செய்யப் போறாரு?" என்று கேட்டார். நான் அதை நினைத்தே பார்க்கவில்லை.

றபீஉல் அவ்வல் மாதத்தில், செப்டெம்பர் வாக்கில், போவதாக ஏற்பாடு. சீனிமுகம்மது மாமா அப்போது லீவு முடிந்து டோஹா திரும்புகிறார். உம்மாவின் தம்பிதானே, டோஹா வரை உம்மாவை அவர் கூட்டிக்கொண்டு வருவார், அதற்கு மேல் அவருக்கு லீவு இல்லை. அங்கிருந்து நீங்கள் ஜித்தாவுக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் உம்மாவோடு ஊருக்கு லீவில் வந்துவிடலாம். உம்மாவுக்குப் பாஸ்போட்டும் வந்துவிட்டது. அதை உறைக்குள் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறார்.

நதீரா


டோஹா
14.06.2025

அன்புள்ள நதீராவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். நீ கோல் எடுத்திருந்தால் பெருநாளன்றே சொல்லியிருப்பேன்.

உம்றாவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட முடியுமா என்று மாமியிடம் பக்குவமாகக் கேட்டுப் பார். செப்டெம்பரில் அங்கே வெயில் கடுமை. மாமியின் முழங்காலும் நினைவிருக்கட்டும். எனக்கும் கம்பனியில் லீவு கிடைக்குமோ தெரியாது.

இந்தப் பந்தியை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். வெயில், முழங்கால், கம்பனி எல்லாம் சாட்டு. உன்னிடம் இன்னொரு காய்ச்சல் சொல்ல விருப்பமில்லை.

இப்போதுதான் முன்நெற்றி மூடி வருகிறது. முறுக்கு இன்னும் போகவில்லை, ஆனாலும் முடி. குளித்துவிட்டு வரும்போது தலையில் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சுகம் உனக்கு விளங்காது. எத்தனை வருடமாக எனக்குத் தண்ணீர் நேரே முகத்தில் வழிந்தது. செப்டெம்பர் என்றால் நட்டுச் சரியாக ஒரு வருடம். அந்த நேரம் பார்த்து மழிப்பதா? மழித்தால் வேருக்கு ஒன்றும் ஆகாது என்று நல்லரெத்தினம் சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிவது வேறு, சவரக் கத்திக்குக் கீழே தலையைக் கொடுப்பது வேறு.

மழிக்காமல் குறைத்துக்கொள்ளலாமே என்பாய். ஓம், குறைத்தாலும் செல்லும். ஆனால் மழித்தவர்களுக்கு றசூலுல்லாஹ் மூன்று தரம் துஆச் செய்தார்கள், குறைத்தவர்களுக்கு ஒரு தரம்தான். மாமி இவ்வளவு காலம் ஆசைப்பட்டுப் போகிற பயணத்தில் நான் மிச்சம் பிடித்தவனாக நிற்பேன். அதைவிட ஒரு வருடம் பொறுத்து, முடி படிந்த பிறகு முழு மனதோடு போகலாம்.

உம்றாவுக்கான இஹ்ராம் உடுப்பில் ஆண்கள் தலையை மூடவும் கூடாது என்பதை மறந்துவிடாதே. மாமிக்கு முன்னால், ஊர்க்காரர்களுக்கு முன்னால், இந்தக் கம்பிச் சுருளோடு.

பர்ஸான் நாளை மருதமுனைக்குப் போகிறான். அவனிடம் கொடுக்கிறேன். அவனைத் திட்டாதே, படத்தை அன்றைக்கே அழித்துவிட்டான்.

ஜுனைட்


நிந்தவூர்
02.07.2025

மச்சான்,

சலாம்.

உம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். வாப்பாவும் அடுத்த வருடம் என்றார். அதற்கு முந்திய வருடமும் அடுத்த வருடம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து போவதென்று உம்மா தைத்து வைத்த வெள்ளை உடுப்பு அலுமாரியில் மடித்தபடி கிடக்கிறது. வாப்பா கபுறுக்குப் போய்விட்டார்.

நேற்று உம்மா மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போனதும், "ஒண்டுமில்ல புள்ள, மக்காவுல ரெண்டு குன்றுக்கும் நடுவுல தொங்கோட்டம் ஓடிப் பழகுறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாட்டுச் சொல்லாமல் உண்மையை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி. அதனால்தான் நானும் உண்மையை எழுதுகிறேன். உங்கள் முடி திரும்ப முளைக்கும். உம்மாவின் முழங்கால் திரும்ப முளைக்காது.

மாமாவின் டிக்கட் போட்டாயிற்று. உம்மாவுடையதும் போட்டாயிற்று. டோஹாவில் உம்மா வந்து இறங்கும்போது நீங்கள் அங்கே நிற்பதும் நிற்காததும் உங்கள் விருப்பம். நின்றால் நல்ல மனதோடு நில்லுங்கள்.

நதீரா


மதீனா
11.09.2025

அன்புள்ள நதீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இஹ்ராம் துணி வாங்கி வைத்துவிட்டுப் பயண நாளை எதிர்பார்த்திருந்தேன். மாமி வந்து சேர்ந்ததைச் சீனிமுகம்மது மாமா போனில் சொல்லியிருப்பார். இதை நம்மூர் ஆள் ஒருவரிடம் கொடுக்கிறேன், அவர் எங்களுக்கு முந்தித் திரும்புகிறார். நாங்கள் வந்து இறங்கும் முன் நீ இதை வாசித்துவிட வேண்டும். ஏன் என்று கடைசியில் தெரியும்.

டோஹா விமான நிலையத்தில் நான் தொப்பியோடுதான் நின்றேன். இஹ்ராம் உடுத்தபோது கழற்ற வேண்டி வந்தது. மாமிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றேன். மாமி மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வடிவா இரிக்கி, இதையா மருமகன் மூடிவெச்ச? ஆட்டுக்குட்டிக்கு இரிக்கிற மாதிரி" என்றார். விமானத்திலும் மாமி அதையே சொன்னபோது பக்கத்து ஆசனத்து மனிதரும் சிரித்துவிட்டார். தமிழ் தெரியாத மனிதர், மாமியின் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

கஃபாவைச் சுற்றும் தவாபில் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். தொங்கோட்டத்துக்குச் சக்கர நாற்காலி எடுப்போம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். கடைசிச் சுற்றுகளில் நானும் அழுதேன், அவரும் அழுதார். அவர் மௌத்தான உன் வாப்பாவுக்காக அழுதார் என்று நினைக்கிறேன். நான் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. ஓட்டம் முடிகிற மர்வாக் குன்றில் ஒரு ஓரமாக உட்கார்த்தி வைத்தேன்.

பெண்களுக்கு விரல் நுனியளவு முடி வெட்டினால் போதும் என்பது உனக்குத் தெரியும். மாமி பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார். "வெட்டுங்க மனே. மஹ்ரம்தானே" என்றார். யாரும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி, முக்காட்டைப் பின்னால் தள்ளிப் பின்னலை வெளியே எடுத்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், மாமியின் தலையை நான் பார்த்ததில்லை. நதீரா, உனக்குத் தெரிந்திருக்கும். உச்சி வெளித்து, தோல் தெரிகிறது. பின்னல் என் சுண்டுவிரலை விட மெல்லிசு. அதில் வெட்ட எனக்குக் கை வரவில்லை.

மாமி என் கையைப் பார்த்தார். "என்ன மருமகன் பாக்கறீங்க? எனக்கும் நட்டிருக்கலாம் போலவா?" என்றார். சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருக்கிற அந்தக் கொஞ்சத்திலும் ஒரு நுனியைக் கொடுக்க அவ்வளவு தூரம் வந்து, அவ்வளவு சந்தோசமாக உட்கார்ந்திருந்தார். வெட்டினேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

மெசினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகத்தான் மனதில் முடிவு எடுத்து வைத்திருந்தேன். சலூனில் உட்கார்ந்ததும் அந்தப் பாகிஸ்தான்காரர் மெசினைக் காட்டினார், பிறகு கத்தியைக் காட்டினார். நான் கத்தியைக் காட்டினேன். சுருள் சுருளாக மடியில் விழுந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்தபோது உச்சியில் காற்றுப் பட்டது. மாமி என் தலையில் உள்ளங்கையை வைத்துத் துஆ ஓதினார்.

இப்போது விளங்குகிறதா? விமான நிலையத்தில் சுருட்டை முடிக்காரனைத் தேடாதே. முன்பக்கம் புள்ளி புள்ளியாக, பிடரியில் வெள்ளைத் தழும்பு தெரிய, ஒரு மொட்டைத் தலையன் உன் உம்மாவின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். றிபாவிடமும் சொல்லி வை. அவளுக்கு வெட்கமென்றால் தொப்பி சட்டைப் பையில் இருக்கிறது, போட்டுக்கொள்வேன்.

ஜுனைட்


நிந்தவூர்
14.10.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் உள்ளே படுத்திருக்கிறீர்கள். விடிந்தால் பயணம். வாய்விட்டே சொல்லலாம்தான். ஆனால் இந்த வருடம் எனக்குத் தாளில்தான் நன்றாகக் கதைக்க வருகிறது. பையைத் திறக்கும்போது வாசியுங்கள்.

கட்டுநாயக்காவில் நான் உங்களை முதலில் பார்க்கவில்லை, உம்மாவைத்தான் பார்த்தேன். றிபாதான் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நீங்கள் குனிந்ததும் தலையில் இரண்டு கையையும் வைத்து, "குத்துது வாப்பா, மெய்யாலும் குத்துது" என்று கத்தினாளே, அப்போது உங்கள் கை சட்டைப் பைக்குப் போனதைக் கண்டேன். பிறகு அது வெறுமனே திரும்பி வந்ததையும் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியைப் பிடிக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வந்த கிழமை நீங்கள் அவளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்தீர்களே, தொப்பி போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு போனாளே, அன்று பின்னேரம் அந்த டீச்சரைக் கடையில் சந்தித்தேன். வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக றிபா எழுந்து நின்று, "எங்கட வாப்பா உம்றாவுக்குப் போய், மூத்தும்மாவக் கூட்டிட்டுப் போய், மொட்ட அடிச்சிட்டு வந்திரிக்கார்" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னாளாம். உம்றா முடித்தவருடைய தலை என்று ஊரில் ஒவ்வொருவரும் உங்களிடம் துஆக் கேட்டதை நீங்களே பார்த்தீர்கள். முடிக்கு என்ன பாடுபட்டோம். கடைசியில் பிள்ளை பெருமைப்பட்டது மொட்டைக்கு.

சிறுபோகம் வெட்டியாயிற்று. ஊன்றிய இடத்தில் மற்ற இடத்தைப் போலவே விளைந்தது. நேற்று பெரும்போகத்துக்கு உழவு தொடங்கிவிட்டார்கள்.

நேற்றிரவு உங்களுக்கு எண்ணெய் தேய்த்தேன். முடி இப்போது விரலுக்குப் பிடிபடும் அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தீர்கள், நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடரியிலிருந்து நெற்றிவரை விரலைக் கொண்டுபோனேன். எங்கே உங்கள் பழைய முடி முடிகிறது, எங்கே நட்டது தொடங்குகிறது என்று தேடினேன். இந்த விரலுக்குத் தெரியாமல் போகுமா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். கிடைக்கவில்லை, மச்சான்.

நீளும்போது திரும்பவும் முறுகலாம். அந்த மட்டக்களப்புக்காரர் சொன்னது போல அலை நிற்கலாம். நின்றால் நிற்கட்டும். அந்த ஆட்டுக்குட்டி முடியை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை, உம்மா மட்டும்தான் பார்த்தார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை. சுருண்டாலும் படிந்தாலும் கமராவில் காட்டுங்கள். உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தால் வந்த நேரத்திலேயே எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பையில் அந்தக் கறுப்புத் தொப்பியைத் தேட வேண்டாம். நான் எடுத்துக்கொண்டேன். உம்மா மக்காவில் வாங்கிய வெள்ளைத் தொப்பியை வைத்திருக்கிறேன், அது தொழுவதற்கு. டோஹாவில் இறங்கியதும் கோல் எடுங்கள். நானும் றிபாவும் போனை வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

உங்கள்
நதீரா